உப்பளம் முதல் குழந்தையின் குதிகால் வரை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் உப்பு உற்பத்தியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள், தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பகுதி உப்பு உற்பத்தியாளர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தமிழ்நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், அது வீடு திரும்பும் முன், குதிகாலில் எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; அயோடின் குறைந்தோ வேறு காரணத்தாலோ தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் இது உயரும்) அளவு பார்க்கப்பட வேண்டும். அந்த அளவுகள் வட்டாரவாரியாகத் தொகுக்கப்பட்டு, உப்பைச் சோதிக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் மேசைக்கு மாதந்தோறும் போக வேண்டும். இந்த இரண்டையும் கேட்டே இந்த மடலை எழுதுகிறோம். முதலாவது சில இடங்களில் நடக்கிறது என்பதும், இரண்டாவது இன்னொரு பிரிவின் வேலையாகக் கருதப்படும் என்பதும் எங்களுக்குத் தெரியும். தனித்தனியாக நடப்பதாலேயே இரண்டும் பாதிப் பயனோடு நின்றுவிடுகின்றன.

முதலில் உப்பு. 2018-19இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வின்படி, போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களிலேயே கடைசி இடம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்கும் மாநிலம் இது. 'போதுமான' என்றால் வீட்டு உப்பில் 15 பி.பி.எம்., அதாவது ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயோடின். உப்பில் அயோடின் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் நமது நிலை இதைவிட நன்றாகத் தெரியும். கர்ப்பிணியின் வயிற்றில் வளரும் குழந்தைக்கோ அளவுதான் கணக்கு.

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம். மற்றப் பெரியவர்களுக்கு 150 போதும். தேவை கூடுவதற்குக் காரணங்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் தாயின் தைராய்டு வழக்கத்தைவிட ஏறத்தாழ பாதிப் பங்கு கூடுதலாக ஹார்மோன் சுரக்க வேண்டும். சிறுநீரகம் அயோடினை முன்பைவிட வேகமாக வெளியேற்றுகிறது. குழந்தைக்கும் ஒரு பங்கு போகிறது. ஒரு பெண் நாளுக்கு 8 கிராம் உப்பு சாப்பிடுகிறார், உப்பில் 30 பி.பி.எம். இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 240 மைக்ரோகிராம் வருகிறது. சமையலில் ஐந்தில் ஒரு பங்கு போனால் 192. மீதியைப் பால், முட்டை, கடல்மீன் ஈடுகட்டிவிடும். அதே உப்பில் 15 பி.பி.எம். மட்டும் இருந்தால் 96. கடையில் தளர்வாக அளந்து கொடுக்கும் கல்லுப்பில் 7 இருந்தால் 45. இந்த 45-ஐப் பாலும் முட்டையும் 250 ஆக்கிவிட முடியாது.

காலமும் இதில் முக்கியம். சிசுவின் தைராய்டு 10 முதல் 12 வாரத்தில்தான் அயோடினை ஈர்க்கத் தொடங்குகிறது. சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஹார்மோன் சுரக்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் முழுவதும் தாயின் ரத்தத்திலிருந்தே வருகிறது. கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது பல பெண்களுக்கு இரண்டு மூன்று மாதம் முடிந்திருக்கும். அன்றைக்கு ஆலோசனை தொடங்கினால், தாயின் தைராய்டில் சேமிப்பு இருக்க வேண்டிய முதல் கட்டம் ஏற்கெனவே கடந்துவிட்டது.

பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதித் தாய்மார்களைத் தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அயோடின் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள் 8 வயதில் மொழித் திறன் சார்ந்த அறிவுத்திறன் சோதனையிலும், 9 வயதில் வாசிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். கழுத்தில் கழலை (தைராய்டு வீக்கம்) தெரியும் பெண்கள் அல்லர் அவர்கள், குறைபாடு லேசானதே. அப்படியானால் கர்ப்பிணிகளுக்கு அயோடின் மாத்திரை கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பெங்களூரிலும் பாங்காக்கிலும் அதைச் செய்து பார்த்தார்கள். லேசான குறைபாடு உள்ள கர்ப்பிணிகளுக்குத் தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்தும், பிள்ளைகளின் 5, 6 வயதுச் சோதனைகளில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2017இல் முடிவு வந்தது. எங்கள் வாசிப்பு இது: கர்ப்பம் தொடங்கிய பிறகு கொடுக்கும் மாத்திரை, அதற்கு முன்பே வீட்டில் இருந்திருக்க வேண்டிய நல்ல உப்புக்கு ஈடாகாது. ஆகவே துறையிடம் புதிய மாத்திரைத் திட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. இருக்கும் சட்டம் உப்பளத்திலும் கடையிலும் உண்மையாக நடக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நீண்ட உழைப்பு உண்டு. 1956இல் தொடங்கி இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துக் கழலை நோய் குறைவதைக் காட்டினார்கள். 1962இல் தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 2006 மே முதல், மனிதர் நேரடியாக உண்ணும் உப்பை அயோடின் சேர்க்காமல் விற்கக்கூடாது என்ற தடை நாடு முழுதும் அமலானது. 2011இன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலும் அது தொடர்கிறது. சில்லறைக் கடையில் 15 பி.பி.எம்.-க்குக் குறையக்கூடாது. தோல் பதனிட, கருவாடு போட, தொழிற்சாலைக்கு என்று விற்கும் உப்பை அப்படியே குறிப்பிட்டு விற்கலாம். அந்த மூட்டைகள்தான் மளிகைக் கடையிலும் வண்டியிலும் படிக்கணக்கில் சமையலறைக்குள் நுழைகின்றன. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் உறையிட்ட பாக்கெட்டை மட்டும் மாதிரி எடுத்தால் இது ஒருநாளும் பிடிபடாது. வாரச்சந்தையில் சாக்கிலிருந்து அளந்து விற்கும் கல்லுப்பே முதல் மாதிரியாக இருக்க வேண்டும்.

உற்பத்தியாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு டன் உப்பில் 30 பி.பி.எம். வர, 30 கிராம் அயோடின் வேண்டும். பொட்டாசியம் அயோடேட்டில் அயோடின் பங்கு 59.3 சதவீதம் என்பதால், 50.6 கிராம் அயோடேட் போதும். இவ்வளவு சிறிய அளவை ஒரு டன் முழுவதும் சீராகப் பரப்புவதில்தான் சிக்கல். தூள் உப்பில் தெளிப்பான் வேலை செய்துவிடுகிறது. கல்லுப்பில் அயோடேட் பரலின் மேற்பரப்பில் மட்டும் படிகிறது. பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் குவித்து நன்றாக வடியவிடாமல் தெளித்தால், உப்பு விளைந்தபின் மிஞ்சிய கசப்பு நீர் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் கீழே இறங்கும்போது அயோடேட்டையும் சேர்த்து மூட்டையின் அடிக்குக் கொண்டுபோகும். சணல் சாக்கு என்றால் அதிலிருந்தும் கசிந்துவிடும். உப்பு அழுக்காக இருந்தால் அயோடேட் சிதைந்து அயோடின் ஆவியாகிறது. குறைந்தது உள்ளுறை போட்ட பாலிதீன் சாக்கு, மழைபடாத கிடங்கு, நன்றாக வடிந்த உப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் எவ்வளவு தெளித்தாலும் கடையில் 15 நிற்காது.

கைச்சோதனைக் குப்பியை நம்பி மட்டும் சரக்கு அனுப்பாதீர்கள். உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால் நீலம் வரும், அட்டையில் 0, 7, 15, 30 என்று நிறம் ஒப்பிடலாம். அயோடின் உண்டா இல்லையா என்பதற்கு அது நல்ல கருவி. காரத்தன்மை உள்ள உப்பில் நிறமே வராமல் போவதால், பெட்டியில் இருக்கும் மறுசோதனைத் திரவத்தை முதலில் விட்டு அதன்மேல் சோதனைத் திரவத்தை விட வேண்டும். இதைத் தவறவிட்டு நல்ல உப்பைக் கெட்டது என்று எழுதுவதும் நடக்கிறது. அளவு தெரிய டைட்ரேஷன்தான் வழி. 10 கிராம் உப்பை 50 மில்லி வாலைவடிநீரில் கரைத்து, கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, மூடி 10 நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு 0.005 நார்மல் சோடியம் தயோசல்பேட்டை விட்டுக்கொண்டே வந்து, மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை தொடர வேண்டும். செலவான மில்லியை 10.58ஆல் பெருக்கினால் பி.பி.எம். கிடைக்கும், சுமார் 2.8 மில்லிக்கும், அதாவது 30 பி.பி.எம்.-க்கும் கீழே போனால் அந்தச் சரக்கு உப்பளத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ஸ்டார்ச்சை முன்கூட்டிச் சேர்ப்பதும், நாள்பட்ட தயோசல்பேட்டை வலிமை பார்க்காமல் பயன்படுத்துவதும், மூட்டையின் மேல்வாயில் மட்டும் மாதிரி எடுப்பதும் தவறான எண்ணைத் தரும் மூன்று பழக்கங்கள். மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுத்துக் கலந்து சோதியுங்கள். சிறு உற்பத்தியாளர்கள் தனித்தனியாக ஆய்வகம் வைக்க முடியாது. உப்பளப் பகுதிக்கு ஒரு பொது ஆய்வகத்தை அரசு நடத்த வேண்டும். வாலிநோக்கத்தில் அரசே உப்பு நிறுவனம் நடத்திவரும் மாநிலத்துக்கு இது பெரிய காரியம் இல்லை.

கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வீடுகளில் கேட்கும் ஒரு பேச்சுக்குக் கணக்கோடு பதில் வேண்டும். 'கடல் உப்புதானே, அயோடின் தானாகவே இருக்கும்' என்கிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம், அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அத்தனை அயோடினும் உப்பிலேயே தங்கினாலும் ஒரு கிராமுக்கு 1.7 மைக்ரோகிராம், அதாவது 1.7 பி.பி.எம். தான். உண்மையில் பெரும்பகுதி கசப்பு நீரோடு போய்விடுகிறது. இந்துப்புக்கும் இதே பதில்: அயோடின் சேர்த்தது என்று உறையில் போட்டிருந்தால் ஒழிய அதை நம்பிக் கர்ப்பிணி இருக்கக்கூடாது. 'இயற்கை' என்ற பெயரில் அது இப்போது கர்ப்பிணிகளுக்கென்றே பரிந்துரைக்கப்படுவது எங்களுக்கு மிகுந்த கவலை தருகிறது. கல்லுப்பில் மண் இருக்கிறது என்று கழுவி நீரைக் கொட்டும் பழக்கமும் உண்டு. மேற்பரப்பில் இருந்த அயோடேட் அந்த நீரோடு போய்விடும். கரைத்துத் தெளியவைத்து அந்த உப்புநீரையே குழம்பில் ஊற்றினால் போகாது. ஜாடிக்கு மூடி வேண்டும், ஈரக்கை படக்கூடாது, அடுப்பு மேடையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், உப்பைச் சமையலின் கடைசியில் போட வேண்டும்.

ரத்த அழுத்தம் கூடிய கர்ப்பிணியிடம் 'உப்பைக் குறை' என்று சொல்லி அனுப்பும் இடத்தில், அயோடினும் சேர்ந்து குறைகிறது என்பதைச் சொல்லும் வழக்கம் அரிது. 4 கிராம் உப்பு, 15 பி.பி.எம். என்றால் சமைத்தபின் 48 மைக்ரோகிராம். அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பாலும் முட்டையும் கடல்மீனும் எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டு, வேண்டுமானால் மருத்துவர் மேற்பார்வையில் அயோடின் கொடுப்பதே சரி. நாம் இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு, அயோடின் இல்லை. ஆனாலும் அந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுவது இந்த விஷயத்துக்கும் உதவும். தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் நொதி இரும்பை நம்பியே இயங்குகிறது, ரத்தசோகை உள்ள பெண்ணின் தைராய்டு கிடைக்கும் அயோடினைக்கூடச் சரியாகப் பயன்படுத்தாது. தைராக்சின் மாத்திரை எடுக்கும் கர்ப்பிணி, இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும். மூன்றையும் காலையில் ஒன்றாக விழுங்கினால் தைராக்சின் குடலிலேயே கட்டுப்பட்டுப் போகும். மருந்துச் சீட்டில் இதை எழுதிக் கொடுங்கள்.

மருத்துவர்களிடம் இன்னொன்று. ஒரே ஒரு பெண்ணின் சிறுநீரில் ஒரு தடவை அயோடின் பார்த்து அவருக்குக் குறைவு என்று முடிவு கட்ட முடியாது. முந்தைய நாள் சாப்பிட்டதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். நூற்றுக்கணக்கான கர்ப்பிணிகளின் மாதிரியில் நடுவெண் (மீடியன்) எடுத்தால் மட்டுமே பொருள் உண்டு: லிட்டருக்கு 150 முதல் 249 மைக்ரோகிராம் வரை போதுமானது, 150க்குக் கீழே குறைவு. பள்ளிப் பிள்ளைகளின் நடுவெண் 100ஐத் தாண்டியிருப்பதைக் காட்டிக் கர்ப்பிணிகளும் நலம் என்று அறிக்கை எழுதுவது தவறு.

இனி குழந்தை. பிறவியிலேயே தைராய்டு குறைபாடு உள்ள குழந்தை பிறந்தவுடன் மற்றக் குழந்தையைப் போலவே இருக்கும். மஞ்சள் காமாலை நாள்பட நீடிப்பது, மலச்சிக்கல், தொப்புள் பிதுக்கம், கரகரத்த அழுகை என்று அடையாளங்கள் தெளிவாகும்போது வாரங்கள் கடந்திருக்கும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் பிள்ளை இயல்பாக வளர்ந்து பள்ளிக்குப் போகும். மாதங்கள் கழித்துத் தொடங்கினால் இழந்த அறிவுவளர்ச்சி முழுதாகத் திரும்பாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது 1,130க்கு ஒரு குழந்தை என்று கணக்கு வந்தது. சென்னையில் 727க்கு ஒன்று. நமது மாநிலத்தில் ஆண்டுக்கு 8 லட்சம் பிறப்பு என்று வைத்தாலும், எழுநூறிலிருந்து ஆயிரத்து நூறு குழந்தைகள். 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. குழந்தைகளைத் தேடிப்போக வேண்டியதே இல்லை, நம் வார்டிலேயே படுத்திருக்கிறார்கள்.

ரத்தம் எடுக்கும் நேரம் சரியாக இருக்க வேண்டும். பிறந்த அரைமணியில் டி.எஸ்.எச். லிட்டருக்கு 60, 80 மில்லியூனிட் வரை ஏறும். குளிர்ந்த வெளியுலகுக்கு உடல் தரும் இயல்பான மறுமொழி அது. முதல் நாளில் விரைந்து இறங்கி, பிறகு மெல்லக் குறையும். ஆகவே 48 முதல் 72 மணிக்குள் எடுப்பதே நல்லது. சுகப்பிரசவத் தாயை 24 மணியில் அனுப்பிவிட்டு, அனுப்பும் அவசரத்தில் எடுத்த ரத்தம் பொய்யான உயர்வுகளைக் கொட்டும். நூற்றுக்கணக்கான பெற்றோர் வீணாக அலைவார்கள், ஆய்வகம் சலித்துப்போகும், திட்டம் கெட்ட பெயர் வாங்கும். 48 மணி நேரம் தங்கவைப்பது ஏற்கெனவே அரசின் விதி. அதை நடைமுறைப்படுத்த முடியாத இடத்தில் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்கலாம், எதுவும் பார்க்காமல் அனுப்புவதைவிட அது மேல்.

குதிகாலை வெதுவெதுப்பான துணியால் சில நிமிடம் சூடேற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, அது காயும் வரை பொறுத்து, பாதத்தின் பக்கவாட்டில் 2 மில்லிமீட்டருக்கு மிகாமல் குத்த வேண்டும். நடுக்குதிகாலில் குத்தினால் எலும்பில் படும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய சொட்டு சோதனைத் தாளில் உள்ள வட்டத்தை ஒரே முறையில் நிரப்பி மறுபக்கமும் ஊற வேண்டும். சொட்டின்மேல் சொட்டு வைத்தாலும், இருபுறமும் தடவினாலும், காலைப் பிழிந்தாலும் அளவு பிசகும். தாளைப் படுக்கை வாட்டத்தில், வெயில் படாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் மூன்று நான்கு மணி நேரம் உலரவிட்டே உறையில் இட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐப்பசி மழையில் இரண்டு நாள் கிடந்து வந்து சேரும் தாள் எதற்கும் உதவாது. ஒரு வாரத் தாள்களைச் சேர்த்து அனுப்பும் பழக்கத்தை உறுதியாகத் தடுக்க வேண்டும். இரண்டு வாரக் கெடுவில் ஒரு வாரம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

துடைப்பதற்குப் போவிடோன் அயோடின் என்ற தொற்றுநீக்கி கூடவே கூடாது, குழந்தையின் தொப்புளிலும் கூடாது. 10 சதவீதக் கரைசலின் ஒரு மில்லியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் அயோடின் உண்டு. ஒரு கர்ப்பிணியின் 40 நாள் தேவை அது. பிறந்த குழந்தையின் தைராய்டு திடீரென்று இவ்வளவு அயோடினைச் சந்தித்தால் ஹார்மோன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். பெரியவர்களின் சுரப்பி சில நாளில் மீள்வதுபோல அதற்கு மீளத் தெரியாது, குறைமாதக் குழந்தைக்கு இன்னும் தெரியாது. டி.எஸ்.எச். எகிறும். தாயின் பிறப்புறுப்பையும் சிசேரியன் காயத்தையும் அதே மருந்தால் திரும்பத் திரும்பத் துடைத்தாலும் தோல் வழியே ஏறி, தாய்ப்பாலில் வந்து சேரும். பிரசவ அறையில் முடிந்த இடமெல்லாம் குளோர்ஹெக்சிடினுக்கு மாறுங்கள். மாற முடியாத இடத்தில், பயன்படுத்தினோம் என்று ரத்தத்தாளில் ஒரு குறி போடுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால், உப்பில் அயோடின் குறைந்த வட்டாரத்தையும், பிரசவ அறையில் அயோடின் மிகுந்த மருத்துவமனையையும் பிரித்தறிய வழியே இல்லை. இரண்டும் தாளில் ஒரே உயர்வாகத் தெரியும், தீர்வோ நேரெதிர்.

முடிவைப் படிப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. உலர்ந்த தாளில் சில ஆய்வகங்கள் முழுரத்த அலகிலும் சில சீரம் (ரத்த அணுக்கள் நீங்கிய தெளிநீர்) அலகிலும் எண் தருகின்றன. முழுரத்த அளவை 2.2ஆல் பெருக்கினால்தான் சீரம் அளவு. முழுரத்தத்தில் 10 என்றால் சீரத்தில் 22. அதைச் சீரம் 10 என்று படித்து இயல்பு என விட்டுவிட்டால் ஒரு குழந்தை தவறிப்போகும். மாநிலம் முழுவதும் சீரம் அலகு என்று ஆணையிடுங்கள். இந்தியக் குழந்தை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல்படி, 48 மணிக்குப் பின் 20க்கு மேல் சந்தேகம். 20 முதல் 40 வரை என்றால் 7 முதல் 10 நாளில் மறுபடியும் பார்க்க வேண்டும். 40க்கு மேல் உடனே அழைத்து நரம்பில் ரத்தம் எடுத்து டி.எஸ்.எச்.சும் தைராக்சினும் பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கும், ஒரே பாலின இரட்டையருக்கும், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கும் 2 முதல் 4 வாரத்தில் இன்னொரு தடவை கட்டாயம். அவர்களுக்கு உயர்வு தாமதமாக வருகிறது. ரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தைக்கு ஏற்றுவதற்கு முன்பே தாளில் எடுத்துவிட வேண்டும்.

உறுதியானால் லெவோதைராக்சின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். 3 கிலோ குழந்தைக்கு ஒன்றரை மாத்திரை, 25 மைக்ரோகிராம் அளவில். பொடித்து, ஒரு கரண்டித் தாய்ப்பாலிலோ கொதிக்கவைத்து ஆறிய நீரிலோ கரைத்து அப்போதே கொடுக்க வேண்டும்; பாட்டிலில் கலந்தால் அடியில் தங்கிவிடும். சோயா பாலும் இரும்புச் சொட்டும் அதே வேளையில் கூடாது. தாயிடம் அயோடின் குறைந்தோ மிகுந்தோ வந்த தற்காலிகக் குறைபாடா, சுரப்பியே சரியாக உருவாகாததா என்பதை முதல் வாரத்தில் நிச்சயமாகச் சொல்ல இயலாமல் போகலாம். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக்கூடாது. நிலையானது என்று அதற்குள் உறுதிப்படாத பிள்ளைகளுக்கு, 3 வயதில் மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரை பெற்றோர் தாமாக நிறுத்தாமல் இருக்க, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் மாத்திரை தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும்.

இப்போது முதலில் கேட்டதற்கு வருகிறோம். நோயுள்ள குழந்தையைப் பிடிப்பது இந்தத் தாளின் ஒரு பயன். இன்னொன்று, மூன்று நான்கு நாளில் எடுத்த முழுரத்தத்தில் டி.எஸ்.எச். 5க்கு (சீரம் அலகில் 11க்கு) மேல் உள்ள குழந்தைகள் ஒரு பகுதியில் 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அங்கே அயோடின் போதுமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒரு குழந்தைக்கு முழுரத்தத்தில் 6 என்பது நோயே இல்லை, சிகிச்சையும் வேண்டாம். ஆனால் ஒரு வட்டாரத்தில் பத்தில் ஒன்று அப்படி இருந்தால், அங்கே விற்கும் உப்பைப் போய்ப் பார்க்க வேண்டும். 48 மணிக்கு முன் எடுத்தவையும், போவிடோன் குறி உள்ளவையும், குறைமாதக் குழந்தைகளும், தைராய்டு மருந்து உண்ணும் தாய்மாரின் குழந்தைகளும் இந்தக் கணக்கில் சேரக்கூடாது. மீதியைப் பிக்மி எண்ணோடு இணைத்தால் தாயின் ஊர் தானாக வந்துவிடும். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்கிழங்கு அதிகம் உண்ணும் ஊர்களில் கூடுதல் கவனம் வேண்டும். சரியாக வேகவைக்காத கிழங்கிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட், அயோடின் தைராய்டுக்குள் போவதைத் தடுக்கிறது. உப்பும் மோசமாக இருந்தால் இரட்டை இழப்பு.

இதற்குப் புதிய அலுவலகம் வேண்டாம். ரத்தத்தாளில் பிறந்த மணி, எடுத்த மணி, போவிடோன் குறி, தாயின் தைராய்டு மருந்து என நான்கு கட்டங்கள். மாதம் ஒருமுறை வட்டாரப் பட்டியல். பட்டியலில் உயர்ந்த வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் சந்தை உப்பு மாதிரிகளின் டைட்ரேஷன் எண். தூத்துக்குடி போன்ற ஒரு உப்பு மாவட்டத்திலும், மலைப்பகுதி உள்ள ஒரு மாவட்டத்திலும் தொடங்குங்கள்.

கடைசியாக, நல்ல திட்டங்களும் தடுக்கி விழும் ஒரு இடம். பிரசவம் முடிந்து நம் பெண்கள் தாய்வீட்டுக்குப் போகிறார்கள், பெரும்பாலும் வேறு வட்டாரத்துக்கு, சில வேளை வேறு மாவட்டத்துக்கு. பதிவில் இருப்பதோ கணவர் வீட்டு முகவரியும் கணவரின் கைப்பேசி எண்ணும். அவர் வெளியூரில் வேலையில் இருப்பார். டி.எஸ்.எச். 60 என்று முடிவு வந்து ஆறாம் நாளே தயாராக இருந்தும், குழந்தை ஒரு மாதம் கழித்துக் கிடைப்பது இப்படித்தான். வார்டிலிருந்து அனுப்பும்போதே, அடுத்த மூன்று மாதம் தங்கப்போகும் ஊர், குழந்தையின் பாட்டி அல்லது மாமாவின் கைப்பேசி எண், அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரின் பெயர் ஆகியவற்றைத் தாளின் பின்புறம் எழுதச் செய்யுங்கள். 40க்கு மேல் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும், செவிலியர் 24 மணி நேரத்துக்குள் நேரில் போனாரா என்பதை மாவட்ட சுகாதார அலுவலர் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
தாய்சேய் நலத்திலும், உப்புப் பரிசோதனையிலும், பிறந்த குழந்தைகளின் ரத்தப் பரிசோதனையிலும் பணியாற்றுவோர்